நூற்றுக்கு ஒன்று

தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்சார வண்டி கிண்டியில் நின்றதும், பந்தய நாட்களில், ஒரு தனிக் கூட்டம் இறங்கும். கையிலே மடித்த ரேஸ் புத்தகம். சட்டைப் பையிலே ஒரு பென்சில். கண்ணிலே ஒரு மினுமினுப்பு! மாணவனாக அந்த வண்டியிலே சென்று வந்த நாட்களில் அவர்களைக் கண்டிருக்கிறேன். அலுவலகக் குமாஸ்தாவும் இருப்பார், கொத்தனாரும் இருப்பார், பேரன் பேத்தி எடுத்த முதியவரும் இருப்பார். பல்லாவரத்திலே வாய் திறவாதவர்கள் பரங்கிமலை வந்ததும் பேசத் தொடங்குவர். எதைப் பற்றி? வென்றே தீரும் என்று ஊரே நம்பும் குதிரையைப் பற்றியா? இல்லை! அதிலே என்ன சுவை? பத்து ரூபாய் கட்டினால் பன்னிரண்டு வரும். பன்னிரண்டைக் கொண்டு எந்தக் கடனை அடைப்பது? அவர்கள் பேசியதெல்லாம், எவரும் சீந்தாத குதிரையொன்று என்றோ ஒரு நாள் எல்லாவற்றையும் முந்திக்கொண்டு வந்த கதை. அன்று அதன்மீது பணம் கட்டிய ஒருவன் மாடி வீடு கட்டிய கதை.

2024 செப்டம்பரில் அரசு அந்தத் திடலைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. கூட்டம் கலைந்தது, கதை கலையவில்லை. நான் வகுப்பில் நீதிக்கட்சியின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன் எழுந்தான். “சார், நூற்றுக்கு ஒன்று என்று ஒதுக்கின குதிரை ஜெயித்த மாதிரிதானே இது?” என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில், அவன் புதிதாக ஏதும் சொல்லிவிடவில்லை. ‘நேற்று நொண்டிக் குதிரை என்றார்கள், இன்று வெற்றிக் குதிரை ஆனோம்’ என்று நம்முடைய மேடைகளிலேயே முழங்கிடக் கேட்டிருக்கிறேன். கை தட்டியும் இருக்கிறேன். அந்த உவமை நமக்குப் பொருந்துமா? பந்தயத்தின் வரலாற்றைப் புரட்டினேன். புரட்டப் புரட்ட, தட்டிய கை கூசிற்று.

நூற்றுக்கு ஒன்று என்பது என்ன? நீ ஒரு ரூபாய் கட்டு, இந்தக் குதிரை வென்றால் நூறு ரூபாய் தருகிறேன் என்று பணம் வாங்குகிறவன் துணிந்து கூறுவது. துணிவு அவனுக்கு எங்கிருந்து வந்தது? அது வெல்லாது என்ற உறுதியிலிருந்து! அப்படி ஒதுக்கப்பட்ட குதிரை, உலகம் அறிந்த பெரும் பந்தயம் ஒன்றிலே வென்ற கதை உண்டு. அதனைக் காண, கிண்டிக்கு இந்தப் பழக்கத்தைக் கொடுத்த நாட்டுக்கே போகவேண்டும்.

இங்கிலாந்தில், இலண்டனுக்குத் தெற்கே எப்சம் என்ற இடத்தில், 1780 முதல் ஆண்டுதோறும் நடைபெறுவது டெர்பிப் பந்தயம். மூன்று வயதுக் குதிரைகள் ஓடும். கிண்டியிலோ பந்தயம் 1777-இலேயே தொடங்கிற்று என்பர். கும்பினியார் நம் நாட்டை முழுதாக விழுங்குவதற்கு முன்னரே குதிரை ஓட்ட இடம் பார்த்துவிட்டனர்! பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் அந்த அவசரம் அவர்களுக்கு வந்ததில்லை.

டெர்பியில் எந்தக் குதிரையும் ஓடலாமோ? ஓடலாகாது. குலம் வேண்டும், கோத்திரம் வேண்டும்! 1791-இல் இங்கிலாந்தில் பந்தயக் குதிரைகளின் குலவரிசைப் புத்தகம் ஒன்று அச்சேறிற்று. இன்ன தந்தைக்கும் இன்ன தாய்க்கும் பிறந்தது என்று அத்தகைய ஏட்டிலே பதிவு இருந்தால்தான் உயர்சாதிப் பந்தயக் குதிரை. ஆண்வழியில் பின்னோக்கிச் சென்றால், கிழக்கு நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட மூன்றே மூன்று குதிரைகளிடம் போய் முடியும் அந்த வமிசம். ஏட்டிலே பெயரில்லாத குதிரை காற்றாய்ப் பறந்தாலும் அந்தத் திடலிலே கால் வைத்திட இயலாது. சூரிய குலம், சந்திர குலம் என்று நம் புராணிகர் மனிதனுக்கு எழுதி வைத்ததை, வெள்ளையன் குதிரைக்கு எழுதி வைத்தான். நூற்றுக்கு ஒன்று என்று இகழப்பட்ட குதிரையும் அந்த ஏட்டுக்குள்ளே பிறந்த குதிரைதான். அக்கிரகாரத்திலே கடைசி வீடு எனலாம். ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவனின் குடிசை அல்ல. உவமைக்கு ஒரு கால் இங்கேயே ஒடிந்தது.

1913 ஜூன் 4. மன்னர் ஐந்தாம் ஜார்ஜும் அரசியாரும் அமர்ந்திருக்கிறார்கள். மன்னரின் குதிரையும் ஓடுகிறது. அதன் பெயர் ஆன்மர். வெல்லும் என்று ஊரார் நம்பியது கிராகனூர் என்ற குதிரையை. அதன் சொந்தக்காரர் பவர் இஸ்மே, முந்தைய ஆண்டு மூழ்கிய டைட்டானிக் கப்பலின் கம்பெனித் தலைவருக்குத் தம்பி. எவரும் சீந்தாத குதிரை ஒன்றும் இருந்தது. பெயர் அபோயர், விலை நூற்றுக்கு ஒன்று.

குதிரைகள் பறந்தன. கடைசிக் கட்டத்தில் கிராகனூரும் அபோயரும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே வந்தன. எல்லைக் கம்பத்தை ஒரு தலை அளவுக்கு முந்திக் கடந்தது கிராகனூர். ஆம், முந்தியது கிராகனூர்! நூற்றுக்கு ஒன்று தோற்றது. வென்ற குதிரையின் எண்ணும் பலகையில் ஏறிற்று. பிறகு என்ன நடந்தது? தோற்ற குதிரைக்காரர் முறையிடவில்லை. பந்தய நடுவர்கள் தாமாகவே ஆட்சேபம் கிளப்பினர், தாமே விசாரித்தனர், தாமே தீர்ப்பும் கூறினர். கிராகனூர் இடித்தது, ஆகவே அதன் வெற்றி செல்லாது, அபோயரே வென்றது என்றனர். அந்த நடுவர்களில் ஒருவரான லோடர் என்பார்தாம் கிராகனூரைக் குட்டியாக வளர்த்து விற்றவர்! இஸ்மே மீது அவருக்குக் காழ்ப்பு என்று அன்றே பேசினர். அது உண்மையோ பொய்யோ, நமக்கு வேண்டாம். நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: எல்லாக் கதைகளிலும் பெரிதாகப் பேசப்படும் நூற்றுக்கு ஒன்று, குதிரையின் காலால் வந்த வெற்றியன்று. அறைக்குள்ளே அமர்ந்து விதிப் புத்தகத்தைப் புரட்டிய நாலு பெரிய மனிதரின் கையால் வந்த வெற்றி.

அந்த ஏழைக் குதிரையின் பிற்காலமும் கேட்கத் தக்கதே. ருஷ்யாவுக்கு விற்கப்பட்டது. 1917-இல் ஜாரின் சிம்மாசனமே கவிழ்ந்த கொந்தளிப்பிலே அதன் சுவடும் மறைந்தது.

ஆனால் 1913 டெர்பியை உலகம் நினைவில் வைத்திருப்பது அபோயருக்காகவும் அல்ல, கிராகனூருக்காகவும் அல்ல. அந்தப் பந்தயத்தின் பாதியில், திடலின் வளைவிலே, வேலியைக் கடந்து ஒரு பெண் உள்ளே நுழைந்தார். எமிலி டேவிசன் அம்மையார். பெண்ணுக்கு வாக்குரிமை கேட்டுப் பன்முறை சிறை சென்றவர். சிறையிலே உண்ணாநோன்பு இருந்தபோது குழாய் வழியே வலிந்து உணவு திணிக்கப்பட்டவர். ஆக்ஸ்போர்டில் படித்துத் தேறியவர். பெண் என்பதால் அந்நாளில் பட்டம் மறுக்கப்பட்டவர். பாய்ந்து வந்த குதிரைகளில் மன்னரின் குதிரை அவர்மீது மோதியது. நான்கு நாட்கள் நினைவின்றிக் கிடந்து, ஜூன் 8-இல் மாண்டார். திரும்பிச் செல்வதற்கான இரயில் சீட்டு அவரிடம் இருந்தது. சாக வந்தாரா, குதிரையின்மீது தம் இயக்கத்தின் துணியைக் கட்ட வந்தாரா என்று இன்றுவரை வாதிடுகின்றனர். என்னைக் கேட்டால், அந்தச் சீட்டு வீடு திரும்ப எண்ணியவரின் சீட்டாகத்தான் தெரிகிறது.

எண்ணிப் பாருங்கள். ஒரே நாள், ஒரே திடல். அங்கே கூடியிருந்த பெருங்கூட்டம் எந்தக் குதிரைக்கு அதிர்ஷ்டம் என்று பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு பெண் மட்டும் அதிர்ஷ்டத்துக்குக் காத்திராமல், விதியை மாற்று என்று கேட்கத் திடலுக்குள் இறங்கினார். இங்கிலாந்தில் 30 வயது கடந்த, தகுதியுடைய பெண்களுக்கு 1918-இல் வாக்கு வந்தது; ஆண்களுக்கு நிகராக வந்தது 1928-இல். இடையிலே, 1921-இல், சென்னை மாகாணச் சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை அளித்துத் தீர்மானம் நிறைவேற்றிற்று. இந்தியாவின் மாகாணங்களில் அதுவே முதல். அன்று ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி. சொத்துத் தகுதி என்ற வேலி அந்தச் சட்டத்திலும் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் 1927-இல் டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் அதே மன்றத்தில் அமர்ந்து, துணைத் தலைவராகவும் ஆனார். அவர் நூற்றுக்கு ஒன்று என்ற குதிரையா? இல்லவே இல்லை! பூட்டியிருந்த கதவு திறந்ததும் உள்ளே வந்தவர்.

அதே 1913-இல் அமெரிக்காவிலும் ஒரு விந்தை நிகழ்ந்தது. அங்கே கென்டக்கி என்ற மாநிலத்தில் 1875 முதல் நடைபெறும் டெர்பியில், டோனரெய்ல் என்ற குதிரை 91-க்கு ஒன்று என்ற விலையிலே வென்றது. நூறாண்டு கடந்தும் அங்கே அந்தக் கணக்கை எந்தக் குதிரையும் விஞ்சியதில்லை. 2022-இல் வென்ற ரிச் ஸ்ட்ரைக் கூட 80-க்கு ஒன்றுதான். ஆனால் கென்டக்கியிலே நம் மாணவர் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு வேறு. அங்கே நடந்த முதல் 28 பந்தயங்களில் 15-இல் வென்ற ஜாக்கிகள் கருப்பினத்தார்! அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்ட மக்கள். குதிரை லாயங்களிலே தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள். ஐசக் மர்ஃபி மூன்று முறை வென்றார். ஜிம்மி விங்க்ஃபீல்டு 1901, 1902 என்று அடுத்தடுத்து வென்றார். பிறகு? வெள்ளை ஜாக்கிகள் திடலிலே அவர்களை நெருக்கினர், வேலியோடு சேர்த்து இடித்தனர். சொந்தக்காரர்கள் குதிரை தர மறுத்தனர். 1921-க்குப் பிறகு 2000 வரை அந்த டெர்பியிலே கருப்பின ஜாக்கி ஒருவரும் ஓட்டவில்லை. திறமை குறைந்துவிட்டதா? எண்பது ஆண்டுகளா திறமை உறங்கும்? திறமை, தகுதி என்று நம்மிடம் நாள்தோறும் பாடம் படிப்பவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கட்டும்.

இனி, நம் கிண்டி.

மதராஸ் ரேஸ் கிளப் 1896-இல் அமைந்தது. துரைமார்கள் ஆடினர், ஜமீன்தார்கள் ஆடினர், பின்னர் பட முதலாளிகளும் ஆடினர். அவர்கள் ஆடியதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. பணம் அவர்களிடம் இருந்தது. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார வண்டி ஓடத் தொடங்கியதும், மாதச் சம்பளக்காரனுக்கும் கிண்டி எட்டும் தொலைவாயிற்று. கவலை அங்கே தொடங்குகிறது.

அவன் எதிலே பணம் கட்டினான்? மறுநாள் வகுப்பில் கரும்பலகையிலே ஒரு கணக்குப் போட்டேன். ஆயிரம் பேர் ஆளுக்குப் பத்து ரூபாய் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் சேர்ந்தது. கிளப்பின் பங்கு, அரசின் வரி என்று முதலிலே இரண்டாயிரத்தை எடுத்துவிட்டார்கள் என்று கொள்வோம். எஞ்சியது எட்டாயிரம். எவரும் சீந்தாத குதிரை வென்றது. அதன்மீது கட்டியவர் எட்டே பேர். ஆளுக்கு ஆயிரம். ஊரெல்லாம் அந்த எண்மரின் பேச்சு! வெறுங்கையோடு தாம்பரம் வண்டி ஏறிய 992 பேரைப் பற்றி எவன் பேசினான்? அந்த ஆயிரம் ரூபாயைக் குதிரை தரவில்லை, கிளப் தரவில்லை, பக்கத்திலே நின்ற குமாஸ்தாவும் கொத்தனாரும் தந்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. 1949-இல் கிரிஃபித் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பந்தயங்களின் முடிவுகளை எடுத்து ஆராய்ந்தார். எவரும் சீந்தாத குதிரைகளின்மீது மக்கள், அவை உண்மையில் வெல்லும் வாய்ப்புக்கு மேலாகவே பணம் கட்டுகிறார்கள் என்று கண்டார். அதாவது, நிறையத் தரும் என்று தோன்றும் குதிரையே கட்டியவனை நிறைய ஏமாற்றும் குதிரை. பின்னால் வந்த ஆராய்ச்சிகளும் பெரும்பாலும் இதையே கூறின. ஏழைக்கு ஏன் அந்தக் குதிரைமீது கண்? தலையெழுத்து என்ற ஒன்று உண்டு, அது ஒரு நாள் திரும்பும் என்று அவனுக்குத் தொட்டிலிலேயே சொல்லிக் கொடுத்தாயிற்று. நாட்டையும் தம்பிகளையும் கட்டிய மனைவியையும் பகடையிலே வைத்து இழந்தவனுக்குத் ‘தருமன்’ என்று பெயர் சூட்டி, இரவெல்லாம் கதை கேட்ட நாடல்லவா இது! வள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அதைப் படித்தவரும் கிண்டியில் இறங்கினர்.

1974-இல் கலைஞரின் அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றிற்று. 1975 மார்ச் 31 முதல் பந்தயம் இல்லை என்றது சட்டம். கிளப் நீதிமன்றம் ஏறியது. உயர் நீதிமன்றத்தில் தோற்றது. உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. வழக்கு நடந்தது, பந்தயமும் நடந்தது! 1986-இல் எம்.ஜி.ஆர். அரசு கிளப்பையே எடுத்துக்கொள்ளச் சட்டம் கொண்டுவந்தது, அதுவும் வழக்காயிற்று. 1996 ஜனவரி 12-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: குதிரைப் பந்தயம் சூதாட்டம் அன்று, அது திறமை விளையாட்டு, 1986 சட்டம் செல்லாது. குதிரையின் வேகமும் பயிற்சியும் குலமும், ஜாக்கியின் கைத்திறனும், அவற்றை எடை போடும் அறிவும் திறமையே என்பது வாதம். குதிரைக்குத் திறமை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஜாக்கிக்கு உண்டு, உயிரைப் பணயம் வைக்கிறார். பல்லாவரத்துக் கொத்தனாருக்கு, பலகையிலே எண்ணைக் கண்டு பணம் கட்டுவதிலே என்ன திறமை? நீதிபதிகள் பார்த்த திடல் ஒன்று. கிண்டியில் வண்டி ஏறியவன் பார்த்த திடல் வேறு.

நாம் மட்டும் தூயவரா? இதை எழுதாமல் விட்டால் பகுத்தறிவு ஏட்டில் எழுத எனக்குத் தகுதியில்லை. 1968-இல், பேரறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, நம் அரசே பரிசுச் சீட்டு விற்கத் தொடங்கியது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்று முழக்கம் தந்தோம். நல்ல நோக்கம், நலிந்த கருவூலம். ஆனாலும், தலைவிதி இல்லை என்று மேடையிலே சொல்லிவிட்டு, மேடைக்குப் பக்கத்திலேயே அதிர்ஷ்டத்தை அச்சடித்து விற்றோம். 2003-இல்தான் தமிழ்நாட்டிலே லாட்டரி விற்பனைக்குத் தடை வந்தது. தடை விதித்தது ஜெயலலிதா அம்மையாரின் அரசு. பாராட்டவேண்டியதைப் பாராட்டிட நமக்கு நா எழவேண்டும்.

1996-இன் அந்தத் ‘திறமை’ என்ற சொல் கிண்டியோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். அது கைப்பேசிக்குள் புகுந்தது. பணம் வைத்து ஆடும் இணைய ரம்மியைத் தமிழ்நாடு தடுத்தபோது, ரம்மி நிறுவனங்கள் தூக்கிக் காட்டிய கேடயங்களில் அந்தக் குதிரைத் தீர்ப்பும் ஒன்று. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. பணம் இழந்தவர் தூக்கில் தொங்கிய செய்திகள் வரவர, முன்னாள் நீதிபதி சந்துரு தலைமையிலே குழு அமைத்து, 2022-இல் மீண்டும் சட்டம் இயற்றப்பட்டது. 2023 நவம்பரில், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று அவற்றை மட்டும் அதிலிருந்து விலக்கியது உயர் நீதிமன்றம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்ற வாதத்தையே ஒதுக்கிவிட்டு, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு எதுவானாலும் கூடாது என்றது. அதுவும் வழக்கு மன்றம் ஏறியது. எனக்கு அந்த மாணவனின் நினைவு வருவது இங்கேதான். அவன் கிண்டிக்குப் போனதில்லை. அந்தக் கதையை அவனுக்குச் சொன்னது கையிலிருந்த கைப்பேசி.

நீதிக்கட்சியைப் பற்றி அவனுக்கு நான் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறேன். 1921-இல் வகுப்புரிமை ஆணை பிறந்தது. 1928-இல் முத்தையா முதலியார் முயற்சியால் நடைமுறைக்கு வந்தது. 1951-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. பெரியார் கிளர்ச்சி தொடங்கினார், நாடு கொதித்தது, அதே ஆண்டில் அரசியல் சட்டமே முதன்முறையாகத் திருத்தப்பட்டது. “இதிலே எந்தக் குதிரை ஓடிற்று, சொல்!” என்றேன். எப்சத்திலே நாலு பெரிய மனிதர் பூட்டிய அறையில் புரட்டிய விதிப் புத்தகத்தை, இங்கே தெருவிலே நின்றவர்கள் கேட்டு வாங்கித் திருத்தினார்கள். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்போ 1996 தீர்ப்புக்கு ஏன் சார் யாரும் கிளர்ச்சி பண்ணலை?” என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தோழர்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

கிண்டித் திடல் வீழ்ந்தது சூது என்ற காரணத்தால் அல்ல, வாடகையால்! 160 ஏக்கருக்கு மேற்பட்ட அரசு நிலம், 1945-இல் 99 ஆண்டுக் குத்தகை. வாடகை ஆண்டுக்கு 614 ரூபாயும் சில்லறையும். மாதத்துக்கல்ல, ஆண்டுக்கு! தாம்பரத்திலே ஓர் ஓட்டு வீட்டுக்குக் கூட ஒரு வாரத்துக்குப் போதாத பணம். 1970-இல் அரசு வாடகையை உயர்த்த முற்பட்டது; கிளப் மறுத்தது. அரை நூற்றாண்டு இழுபறிக்குப் பின், 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் பாக்கி 730 கோடி ரூபாய்க்கு மேல் என்று கட்டச் சொன்னது. 2024 செப்டம்பரில் குத்தகை இரத்தாகி, வாயிலுக்குப் பூட்டு வந்தது, வழக்குகள் தொடர்ந்தன.

அந்தத் திடலிலே மாநகராட்சி குளங்கள் வெட்டிற்று. மழை நாட்களில் வேளச்சேரித் தெருக்களிலே ஏறும் வெள்ளத்தில் ஒரு பகுதியையாவது அங்கே தேக்குவதற்காக. பக்கத்துச் சாலைக்கு ஐந்து பர்லாங் சாலை என்றே இன்றும் பெயர். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று என் மாணவர் பலருக்குத் தெரியாது. பர்லாங் என்பது எட்டிலொரு மைல் என்பதும் தெரியாது. அடுத்த வாரம் அதையும் கரும்பலகையில் எழுதவேண்டும்.